நூற்றுப் பதினேழு

திரையில் இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள்.
ஒவ்வொன்றும் ஓர் அடிபம்பு.
கைப்பிடிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி
ஏறி இறங்குவதை எண்ணி
மணிக்கொரு தரம் குறுஞ்செய்தி அனுப்பும்.
பச்சை என்றால் தண்ணீர்.
சிவப்பு என்றால் முன்யோக்கி கிளம்ப வேண்டும்,
மோட்டார் சைக்கிளில், ரப்பர் வாஷர்களோடு.

கிட்டூயி நீர் அலுவலகம், ஜன்னலோர மேசை.
புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சம்பளம்.

முன்பு இங்கே ஒரு புகார்ப் புத்தகம் இருந்தது.
பம்பு உடைந்தால் யாராவது ஒருவர்
பாதி நடந்து, பாதி லாரியில் தொற்றி வந்து
எழுதிவிட்டுப் போவார்.
அதன் கடைசிப் பக்கத்தில்
ஒரே கையெழுத்து, ஒரே பம்பு, நான்கு முறை.
நான்காவதில் ‘ஐயா’ இல்லை.

இப்போது இரண்டு நாள் போதும்.
கூப்பிடாமலே முன்யோக்கி போய் இறங்கிய முதல் ஊரில்
எவ்வளவு தர வேண்டும் என்றார்களாம்.
ஒன்றும் வேண்டாம் என்றதும்
தேர்தல் எப்போது என்றார்களாம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்
நூற்றுப் பதினேழு சிவந்தது.
அலையாய் இருந்த கோடு
நோயாளி மாதிரிப் படுத்துவிட்டது.
எழுபது கிலோமீட்டர் போனான்.
வழியில் செம்மண் குழைந்து
சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டபோதே
அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போனில் முதலில் சிரிப்புத்தான் வந்தது.
‘பம்பு நன்றாக இருக்கிறது, ம்பித்தே.
இங்கே மழை.
பாறைத் தொட்டி நிரம்பி வழிகிறது.
யார் வந்து அடிப்பார்கள்?’

என் படிவத்தில் பழுதுக்குப் பதினோரு காரணங்கள் உண்டு.
வாஷர், குழாய், சங்கிலி, திருட்டு,
இப்படிப் போய் ‘பிற’ வரைக்கும்.
பிற என்பதில் ‘மழை’ என்று தட்டினேன்.
நைரோபியிலிருந்து பதில் வந்தது:
தெளிவாக விளக்கவும்.

மழை போனது. கோடு எழுந்து உட்கார்ந்தது.
விடியலில் மேடு, மத்தியானம் பள்ளம்,
வெயில் தாழ மறுபடி மேடு.
எல்லா ஊருக்கும் தாகம் ஒரே மாதிரிதான்.
நூற்றுப் பதினேழில் மட்டும்
இரவு இரண்டு நாற்பதுக்கு
ஒரு குட்டி மேடு. தினமும்.
நூற்றறுபது அடி.
இரண்டு மஞ்சள் கேன் நிறையும்.

முன்யோக்கி விசாரித்து வந்தான்.
கவூத்தா என்று ஒருத்தி.
சந்தா மூன்று மாதம் பாக்கி.
குழுக் கூட்டத்தில் பெயரை வாசித்துவிட்டார்கள்.
பகல் வரிசையில் எந்த முகத்தோடு நிற்பாள்?

‘ராத்திரி பம்பைப் பூட்டுவதில்லையா?’
‘சாவிக்காரர் மறந்துவிடுகிறார்’ என்றான்.
‘தினமுமா?’
அவன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
‘தினமும்.’

ஊரே கண்மூடிக் காத்த ஒன்றை
நான் எழுபது கிலோமீட்டர் தள்ளி,
தேநீர்க் கோப்பையோடு,
நிமிடக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள்.
நல்ல மென்பொருள், குறை சொல்ல மாட்டேன்.
பழுதாவதற்கு முன்பே
பழுதை முகர்ந்துவிடுகிறது.
கூடவே தினமும் காலையில்
ஒரு மஞ்சள் பெட்டி திறக்கிறது:
அசாதாரணப் பயன்பாடு. நடவடிக்கை தேவையா?
தேவையில்லை என்று அழுத்துகிறேன்.
காரணம் கேட்கிறது.
மழை என்று எழுதுகிறேன்.

வெளியே புழுதி பறக்கிறது.
நைரோபி இதற்கு இதுவரை விளக்கம் கேட்கவில்லை.

நேற்றிரவு இரண்டு நாற்பதுக்கு மேடு இல்லை.
முந்தாநாளும் இல்லை.
புள்ளி பச்சையாகத்தான் இருக்கிறது.
பச்சைக்கு ஆள் அனுப்பப் படிவம் கிடையாது,
பெட்ரோல் கணக்கும் கிடையாது.

வாசலில் முன்யோக்கி வண்டியை உதைக்கிறான்.
மூன்றாவது உதையில் பிடிக்கிறது.
வாஷர் டப்பா
என் மேசை மேலேயே இருக்கிறது.